ராயபுரத்தில் 5 தடவை ஜெயித்த ஜெயக்குமார்: மீனவர் தொகுதியில் 25 வருட எம்.எல்.ஏ. கணக்கு

ராயபுரம்:-

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் டீக்கடையில் அரசியல் பேச்சு ஆரம்பித்தால் ஒரு பெயர் வராமல் இருக்காது. பாராட்டுறவங்களும் அந்தப் பெயரைத்தான் சொல்வாங்க. திட்டுறவங்களும் அந்தப் பெயரைத்தான் சொல்வாங்க. அவர் டி.ஜெயக்குமார்.

ராயபுரம் சட்டசபை தொகுதியில் 1991 முதல் 2021 வரை 7 தடவை போட்டியிட்டார். 5 தடவை வெற்றி, 2 தடவை தோல்வி. மொத்தம் 25 வருஷம் இந்த தொகுதியின் எம்.எல்.ஏ. நடுவில் மந்திரி, சபாநாயகர், மறுபடியும் மந்திரி என்று பல நாற்காலிகளைப் பார்த்தவர். ஒரு பட்ஜெட்டையும் சட்டசபையில் வாசித்தவர். கடைசியில் அதே தொகுதி மக்கள்தான் 27 ஆயிரத்து 779 ஓட்டு வித்தியாசத்தில் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இந்த 25 வருஷத்தில் துறைமுகத்தையும் கடலையும் நம்பி வாழும் ஏழை ஜனங்களுக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை? ஒரு எம்.எல்.ஏ.வால் உண்மையிலேயே என்னதான் செய்ய முடியும்? இதோ முழு விவரம்.

ராயப்பர் பெயரில் ஊர்

ராயபுரம் என்ற பெயரே கடலோர ஜனங்கள் கொடுத்த பெயர்தான். இயேசுவின் சீடர் பேதுருவுக்கு தமிழில் ராயப்பர் என்று பெயர். படகோட்டி பிழைத்த கிறிஸ்தவ மக்கள் கட்டிய ராயப்பர் தேவாலயத்தை வைத்து ஊருக்கும் அந்தப் பெயர் வந்தது. 1856-ல் திறக்கப்பட்ட ராயபுரம் ரெயில் நிலையம் தென்னிந்தியாவின் முதல் ரெயில் கிளம்பிய இடம்.

ஒரு பக்கம் சென்னை துறைமுகம். இன்னொரு பக்கம் காசிமேடு மீன்பிடி துறைமுகம். நடுவில் குடோன்கள், லாரி ஷெட்டுகள், குறுகலான சந்துகளில் நெருக்கமான வீடுகள். மீனவர், துறைமுகத் தொழிலாளி, லோடுமேன், மீன் விற்கும் அம்மாக்கள், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என எல்லாரும் கலந்து வாழும் தொகுதி இது. இங்கே சாதி, மதம் மட்டும் பேசி யாரும் ஜெயிக்க முடியாது.

தி.மு.க. கோட்டையில் ஓட்டை

முன்பெல்லாம் ராயபுரம் தி.மு.க.வின் கோட்டை. எம்.ஜி.ஆர். அலை அடித்த 1977, 1980, 1984 தேர்தல்களில்கூட இங்கே தி.மு.க.வின் பொன்னுரங்கம்தான் ஜெயித்தார். 1989-ல் அதே கட்சியின் ஆர்.மதிவாணன் ஜெயித்தார்.

1991 தேர்தலில் நிலைமை தலைகீழ் ஆனது. ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பிறகு அடித்த அலையில் தமிழ்நாடு முழுக்க தி.மு.க. சுருண்டது. பக்கத்து துறைமுகம் தொகுதியில் கருணாநிதியே 890 ஓட்டு வித்தியாசத்தில்தான் தப்பித்தார். அந்த தேர்தலில் ராயபுரத்தில் அ.தி.மு.க. நிறுத்திய புதுமுகம்தான் வக்கீலுக்குப் படித்த ஜெயக்குமார். மீனவ சமுதாயத்தைச் சேர்ந்தவர். மதிவாணனைத் தோற்கடித்து முதல் தடவையாக சட்டசபைக்குப் போனார். ஜெயலலிதாவின் முதல் ஆட்சியிலேயே மந்திரி பதவியும் கிடைத்தது.

1996-ல் அடி, 2001-ல் மீட்சி

ஆனால் 5 வருஷத்தில் காற்று திசை மாறியது. 1996 தேர்தலில் அ.தி.மு.க. மாநிலம் முழுக்க 4 இடங்களில் மட்டுமே ஜெயித்தது. பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றார். ராயபுரத்தில் ஜெயக்குமாரும் தோற்றார். தோற்கடித்தது அதே மதிவாணன்.

அலையில் வந்தவர் அலையோடு போய்விட்டார் என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் ஜெயக்குமார் தொகுதியை விடவில்லை. 2001-ல் மறுபடியும் நின்று ஜெயித்தார். அந்த ஆட்சியில் சட்டத்துறை உள்பட முக்கிய இலாகாக்களைக் கவனித்தார்.

2006-ல் அ.தி.மு.க. ஆட்சியை இழந்தது. ஆனால் ராயபுரத்தை ஜெயக்குமார் இழக்கவில்லை. ஆட்சி போன நேரத்திலும் தொகுதியைக் காப்பாற்றிய அந்த வெற்றிதான், இது அலையில் வந்த ஓட்டு அல்ல, ஆளுக்கு விழுந்த ஓட்டு என்று கட்சிக்குள் அவருக்கு மவுசு கூட்டியது.

கல்யாணம், காதுகுத்து, சாவு என்று எதற்கும் தெருவுக்குள் வந்து நிற்பது, கோவில் விழாவில் மைக்கைப் பிடித்து எம்.ஜி.ஆர். பாட்டு பாடுவது, வடசென்னை பாஷையில் சரளமாகப் பேசுவது எல்லாம் அவருக்குக் கை கொடுத்தன.

சுனாமி காட்டிய உண்மை

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை காலை. காசிமேடு மீன்பிடி துறைமுகத்தில் கட்டி வைத்திருந்த விசைப்படகுகள் ஒன்றோடு ஒன்று மோதி நொறுங்கின. கரையோர குடிசைகளை கடல் வழித்துக்கொண்டு போனது. அப்போது ராயபுரம் எம்.எல்.ஏ.வும் மந்திரியுமாக இருந்தவர் ஜெயக்குமார்.

வடசென்னையில் வீடு இழந்த பல குடும்பங்கள் எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்டன. இன்றைக்கும் அந்த இடத்துக்கு சுனாமி குடியிருப்பு என்றுதான் பெயர். தலைக்கு மேல் கூரை கிடைத்தது உண்மை. ஆனால் விடியற்காலையில் காசிமேட்டில் படகு ஏற வேண்டிய மீனவருக்கும், ஏலத்தில் மீன் எடுக்க வேண்டிய பெண்களுக்கும் எர்ணாவூர் என்பது தூரம். வீடு கட்டிக் கொடுப்பது மட்டும் மறுவாழ்வு ஆகாது, பிழைப்பு இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வீடு இருக்க வேண்டும் என்ற பேச்சு அப்போதே எழுந்தது.

கரை ஏன் கரைகிறது?

சுனாமி ஒரு நாள் வந்து போனது. கடல் அரிப்போ நிரந்தர தலைவலி. வங்கக்கடலில் மணல் வருஷத்தில் பெரும்பகுதி தெற்கில் இருந்து வடக்கே நகரும். 19-ம் நூற்றாண்டில் சென்னை துறைமுகத்துக்கு அலை தடுப்பு சுவர் கட்டியபோது அந்த மணல் ஓட்டம் நின்றுபோனது. தெற்கே தேங்கிய மணலால் மெரினா அகலமானது. வடக்கே மணல் வராததால் ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை கரைந்தது.

சுருக்கமாகச் சொன்னால், மெரினாவில் நாம் காலாற நடக்கும் மணல், காசிமேட்டுக்கும் திருவொற்றியூருக்கும் வந்து சேர வேண்டிய மணல்.

இதைத் தடுக்க கரையில் பாறாங்கல் கொட்டினார்கள். பிறகு கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகள் கட்டப்பட்டன. வளைவு கட்டிய இடத்தில் மணல் சேரும். ஆனால் அதற்கு வடக்கே இருக்கும் குப்பத்தில் அரிப்பு கூடும். உடனே அந்த குப்பத்து ஜனங்கள் எங்களுக்கும் வளைவு வேண்டும் என்று ரோட்டுக்கு வருவார்கள். எந்தக் கட்சி எம்.எல்.ஏ. வந்தாலும் முதலில் வரும் மனு இதுதான்.

சபாநாயகர் நாற்காலி

2011 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளர் ஆர்.மனோகரை 21 ஆயிரத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார் ஜெயக்குமார். இந்தத் தடவை மந்திரி பதவி இல்லை. அதைவிட மரியாதையான பதவி. 2011 மே மாதம் தமிழ்நாடு சட்டசபையின் சபாநாயகர் ஆனார். மீனவ சமுதாயத்தில் இருந்து வந்த ஒருவர் கோட்டையில் சபாநாயகர் நாற்காலியில் உட்கார்ந்ததை குப்பங்களில் பெருமையாகப் பேசினார்கள்.

அவர் சபாநாயகராக இருந்தபோது நடந்த பரபரப்பு சம்பவம், 2012 பிப்ரவரி 1-ந்தேதி எதிர்க்கட்சி தலைவர் விஜயகாந்துக்கும் அ.தி.மு.க. உறுப்பினர்களுக்கும் இடையே நடந்த மோதல். அதைத் தொடர்ந்து விஜயகாந்த் 10 நாள் சஸ்பெண்டு செய்யப்பட்டார்.

ஆனால் 2012 செப்டம்பர் கடைசியில் ஜெயக்குமார் திடீரென ராஜினாமா செய்தார். அடுத்து ப.தனபால் சபாநாயகர் ஆனார். அதன் பிறகு 2016 வரை ஜெயக்குமார் சாதாரண எம்.எல்.ஏ.தான். இதற்கிடையே 2014 பாராளுமன்ற தேர்தலில் அவரது மகன் டாக்டர் ஜெயவர்த்தன் தென்சென்னை எம்.பி. ஆனார்.

கடலுக்கு மந்திரி

2016 தேர்தலிலும் எதிரி அதே காங்கிரஸ் மனோகர்தான். இந்தத் தடவை வித்தியாசம் 8 ஆயிரத்து 31 ஓட்டாகக் குறைந்தது. அந்த எண்ணிலேயே ஒரு எச்சரிக்கை இருந்தது. அதை யாரும் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜெயலலிதா மந்திரிசபையில் ஜெயக்குமாருக்கு மீன்வளத்துறை கிடைத்தது. மீனவர் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு மீனவர் இலாகா. ஜனங்கள் எதிர்பார்ப்பும் இரட்டிப்பானது.

இந்த இலாகாவுக்கும் வடசென்னைக்கும் பழைய தொடர்பு உண்டு. 2006 முதல் 2011 வரை தி.மு.க. ஆட்சியில் மீன்வளத்துறை மந்திரியாக இருந்தவர் திருவொற்றியூர் எம்.எல்.ஏ. கே.பி.பி.சாமி. அவரும் மீனவர்தான். அவர் காலத்தில், 2007-ல்தான் மீனவர் நல வாரியத்துக்கான சட்டம் வந்தது. சாமி 2020 பிப்ரவரியில் காலமானார். இரண்டு கட்சி, இரண்டு மந்திரி, ஆனால் ஒரே கடற்கரை.

தடைக்காலம் 61 நாள்

மீன்கள் முட்டையிடும் காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. தமிழ்நாட்டின் கிழக்கு கடற்கரையில் ஏப்ரல் 15-ல் ஆரம்பித்து முன்பு 45 நாள் தடை இருந்தது. 2017-ல் அது 61 நாளாக, அதாவது ஜூன் 14 வரை நீட்டிக்கப்பட்டது.

16 நாள் கூடுதல் தடை என்றால் 16 நாள் கூடுதல் பட்டினி என்று மீனவர்கள் கொதித்தார்கள். படகு ஓனருக்கு வட்டி ஓடும். கூலிக்குப் போகும் தொழிலாளிக்கோ அடுப்பே எரியாது. ஜெயக்குமார் மந்திரியாக இருந்த காலத்தில் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு ரூ.5 ஆயிரமாக உயர்ந்தது. ஆட்சி மாறிய பிறகு 2023-ல் இதை ரூ.8 ஆயிரமாக உயர்த்த அறிவிப்பு வந்தது.

இது தவிர சேமிப்பு நிவாரண திட்டமும் இருக்கிறது. மீனவர் பங்கு ரூ.1,500. அதனுடன் மத்திய அரசு ரூ.1,500, மாநில அரசு ரூ.1,500 சேர்த்து மொத்தம் ரூ.4,500 திரும்பக் கிடைக்கும். மீனவ பட்டதாரி பிள்ளைகளுக்கு ஐ.ஏ.எஸ். பரீட்சைக்கு பயிற்சி கொடுக்கும் திட்டமும் இவர் காலத்தில் வந்ததுதான்.

எண்ணெய் கறையும் ஒக்கி புயலும்

மந்திரி பதவி பூப்படுக்கையாக இல்லை. 2017 ஜனவரி 28-ந்தேதி அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 2 கப்பல்கள் மோதின. ஒன்று கியாஸ் கப்பல், இன்னொன்று எண்ணெய் கப்பல். கொட்டிய எண்ணெய் எர்ணாவூர், திருவொற்றியூர் கரைகளில் தார் மாதிரி ஒதுங்கியது. மாணவர்களும் மீனவர்களும் தன்னார்வலர்களும் வாளியில் அள்ளி அள்ளி வெளியே கொட்டிய படங்கள் நாடு முழுக்க பரவின. விஞ்ஞானம் இவ்வளவு வளர்ந்தும் வாளிதான் மருந்தா என்று கேள்வி எழுந்தது. மீன் வாங்க ஆள் இல்லாமல் மார்க்கெட் காற்று வாங்கியது. பாதிக்கப்பட்ட மீனவ குடும்பங்களுக்கு தலா ரூ.5 ஆயிரம் இடைக்கால நிவாரணம் அறிவிக்கப்பட்டது.

அதே வருஷம் நவம்பர் 30-ல் ஒக்கி புயல். கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆழ்கடலுக்குப் போன மீனவர்கள் திரும்பி வரவில்லை. முன்கூட்டியே எச்சரிக்கவில்லை, தேடவில்லை என்று கடலோர கிராமங்கள் கொந்தளித்தன. மீன்வளத்துறை மந்திரி என்ற முறையில் ஜெயக்குமார்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.20 லட்சம் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. கரையை விட்டு வெகுதூரம் போகும் படகுக்கு செய்தி சொல்ல வழி வேண்டும் என்ற பாடம் அந்த உயிர்களைக் கொடுத்துத்தான் கிடைத்தது.

2018-ல் மீனில் பார்மலின் கலக்கிறார்கள் என்ற பீதி கிளம்பியபோது காசிமேட்டில் விற்பனை படுத்துவிட்டது. சோதனைகள் நடந்தன. பயப்படாமல் மீன் சாப்பிடலாம் என்று மந்திரியே பேட்டி கொடுக்க வேண்டி வந்தது.

வலைக்கும் தூண்டிலுக்கும் வரி குறைந்த கதை

ஜெயலலிதா மறைவுக்குப் பிறகு அ.தி.மு.க. இரண்டாக உடைந்தது. எடப்பாடி பழனிசாமி பக்கம் நின்ற ஜெயக்குமாருக்கு 2017 பிப்ரவரியில் நிதித்துறையும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. அந்த ஆண்டு மார்ச் 16-ந்தேதி 2017-18-ம் ஆண்டுக்கான தமிழக பட்ஜெட்டை அவர்தான் தாக்கல் செய்தார். ஏப்ரல் 18-ந்தேதி இரவு தினகரன் குடும்பத்தை கட்சியில் இருந்து ஒதுக்கி வைப்பதாக நிருபர்களிடம் அறிவித்ததும் இவர்தான். ஆகஸ்டில் ஓ.பன்னீர்செல்வம் திரும்பி வந்ததும் நிதித்துறை அவருக்குப் போனது. ஆனாலும் ஜி.எஸ்.டி. கவுன்சிலில் தமிழ்நாட்டின் சார்பில் ஜெயக்குமார் தொடர்ந்து கலந்துகொண்டார்.

இதில் மீனவர்களுக்கு நேரடியாக சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. ஜி.எஸ்.டி. வந்தபோது மீன்பிடி வலை, தூண்டில் முள்ளுக்கு 12 சதவீதம் வரி விழுந்தது. தமிழ்நாடு உள்பட கடலோர மாநில மீனவர்கள் எதிர்ப்பு தெரிவித்தார்கள். 2017 நவம்பரில் கவுகாத்தியில் நடந்த கவுன்சில் கூட்டத்தில் அது 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ரூ.1 லட்சத்துக்கு வலை வாங்கினால் வரி ரூ.12 ஆயிரத்தில் இருந்து ரூ.5 ஆயிரமாக இறங்கியது. இது ஒருத்தர் தனியாக செய்த காரியம் இல்லை. ஆனால் வலையின் விலை தெரிந்த ஆள் அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தது நல்லது என்பதில் சந்தேகம் இல்லை.

காசிமேட்டு நெரிசலுக்கு திருவொற்றியூரில் தீர்வு

1980-களில் பயன்பாட்டுக்கு வந்த காசிமேடு மீன்பிடி துறைமுகம் அந்தக் கால படகு எண்ணிக்கைக்குக் கட்டியது. ராயபுரம், ஆர்.கே.நகர் என இரண்டு தொகுதி மீனவர்களுக்கும் பிழைப்பே இதுதான். படகுகள் பெருகப் பெருக, கட்டி நிறுத்த இடம் இல்லாமல் ஒன்றோடு ஒன்று உரசி நிற்கின்றன. ஒரு படகு தீப்பிடித்தால் பக்கத்து படகையும் காப்பாற்றுவது கஷ்டம்.

இந்த நெரிசலைக் குறைக்கத்தான் திருவொற்றியூர் குப்பத்தில் சூரை மீன்பிடி துறைமுகம் கட்டும் திட்டம் வந்தது. ஜெயக்குமார் மந்திரியாக இருந்த காலத்தில் ரூ.200 கோடி மதிப்பில் பேசப்பட்ட திட்டம் இது. வேலை இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் ரூ.272 கோடி செலவில் முடிந்து, 2025 மே மாதம் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலினால் திறந்து வைக்கப்பட்டது. ஒரு ஆட்சியில் கல், இன்னொரு ஆட்சியில் ரிப்பன். எந்தக் கட்சி பெயரில் கல்வெட்டு இருந்தாலும் படகு கட்ட இடம் கிடைத்தால் சரி என்பதுதான் மீனவன் கணக்கு.

எம்.எல்.ஏ. நிதி யார் கையில்?

எம்.எல்.ஏ.வுக்கு கோடிக்கணக்கில் பணம் வருதே, எங்கே போச்சு என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பணம் எம்.எல்.ஏ. கைக்கு வருவதே இல்லை.

தொகுதி மேம்பாட்டு நிதி என்பது அரசு ஒதுக்கும் பணம். எந்த வேலை வேண்டும் என்று எம்.எல்.ஏ. எழுதிக் கொடுப்பார். சென்னையில் அதற்கு டெண்டர் விட்டு வேலையை முடிப்பது மாநகராட்சி. ரேஷன் கடை கட்டிடம், அங்கன்வாடி, பஸ் நிழற்குடை, கழிவறை, பள்ளிக்கூட வகுப்பறை, சமுதாய கூடம், தெரு ரோடு மாதிரி பொது வேலைகளுக்குத்தான் செலவு செய்ய முடியும்.

2017-ல் இந்த நிதி ஆண்டுக்கு ரூ.2 கோடியில் இருந்து ரூ.2.5 கோடியாகவும், பிறகு ரூ.3 கோடியாகவும் உயர்ந்தது. கொரோனா வந்த 2020-ல் அதில் இருந்து ரூ.1 கோடியை அரசு எடுத்துக்கொண்டது.

கணக்கு போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு ரூ.3 கோடி என்றால் 5 வருஷத்துக்கு ரூ.15 கோடி. ஒரு மீன்பிடி துறைமுகத்துக்கு ரூ.272 கோடி. அதாவது எம்.எல்.ஏ. நிதியை வைத்து நிழற்குடை கட்டலாம், துறைமுகம் கட்ட முடியாது. பெரிய வேலை நடக்க வேண்டும் என்றால் கோட்டையில் செல்வாக்கு வேண்டும். ராயபுரம் மக்கள் மந்திரியாகக்கூடிய ஒருவருக்கு திரும்பத் திரும்ப ஓட்டு போட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு விஷயம். 2016 அக்டோபரில் சென்னை மாநகராட்சி கவுன்சிலர்கள் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடையில் 5 வருஷத்துக்கு மேல் சென்னையில் ஒரு கவுன்சிலர்கூட கிடையாது. குடிதண்ணீரில் சாக்கடை கலந்தாலும், தெரு விளக்கு எரியாவிட்டாலும், குப்பை அள்ளாவிட்டாலும் ஜனங்கள் போய் நின்றது எம்.எல்.ஏ. ஆபீசில்தான். நல்ல பெயரும் அவருக்கு, கெட்ட பெயரும் அவருக்கு.

கொரோனாவில் ராயபுரம்

2020-ல் கொரோனா பரவியபோது சென்னை மாநகராட்சியின் 15 மண்டலங்களில் ராயபுரம் மண்டலம் பல வாரங்கள் முதல் இடத்தில் இருந்தது. ஒரே வீட்டில் 3 குடும்பம், தெருவுக்கு பொதுக் கழிவறை என்று வாழும் இடத்தில் தனிமைப்படுத்துதல் என்பது பேச்சுக்குத்தான். சென்னை மண்டலங்களைக் கவனிக்க அரசு நியமித்த 5 மந்திரிகளில் ஜெயக்குமாரும் ஒருவர்.

ஊரடங்கால் மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் தவித்ததால், அந்த வருஷம் மட்டும் மீன்பிடி தடைக்காலம் மே 31-ந்தேதியுடன் முடித்துக்கொள்ளப்பட்டது.

2021: கோட்டை சரிந்தது

2021 பிப்ரவரி 14-ந்தேதி வண்ணாரப்பேட்டை முதல் விம்கோ நகர் வரை மெட்ரோ ரெயில் ஓட ஆரம்பித்தது. வடசென்னைக்கு நீண்டநாள் கனவு. ஆனால் ஏப்ரல் 6-ந்தேதி நடந்த தேர்தலில் அதெல்லாம் கை கொடுக்கவில்லை.

மே 2-ந்தேதி ஓட்டு எண்ணிக்கை. தி.மு.க. வேட்பாளர் ஐட்ரீம் மூர்த்தி 27 ஆயிரத்து 779 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயக்குமாரைத் தோற்கடித்தார். சென்னை நகரின் 16 தொகுதிகளையும் தி.மு.க. கூட்டணி அள்ளியது.

பா.ஜ.க. கூட்டணியால் சிறுபான்மையினர் ஓட்டு கைவிட்டுப் போனதுதான் தன் தோல்விக்குக் காரணம் என்று ஜெயக்குமார் பிறகு வெளிப்படையாகவே சொன்னார். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் கணிசமாக வாழும் ராயபுரத்தில் அதில் உண்மை இருக்கலாம். ஆனால் 2016-லேயே வித்தியாசம் 21 ஆயிரத்தில் இருந்து 8 ஆயிரமாக சரிந்ததையும் மறக்கக்கூடாது. மழை பெய்தால் முழங்கால் தண்ணீர், கண்டெய்னர் லாரி நெரிசல், குறுகலான சந்து வீடுகள் என்று தீராத பிரச்சினைகள் ஓட்டு பெட்டியில் பேசாமல் இருக்குமா?

கைதும் ஜாமீனும்

2022 பிப்ரவரி 19-ந்தேதி உள்ளாட்சி தேர்தல் நாளன்று ராயபுரத்தில், கள்ள ஓட்டு போட வந்ததாகச் சொல்லி தி.மு.க.வைச் சேர்ந்த ஒருவரை ஜெயக்குமார் தரப்பினர் பிடித்த சம்பவம் பெரிய பரபரப்பு ஆனது. அந்த நபரைத் தாக்கி சட்டையைக் கழற்றி அழைத்துச் சென்றதாக வழக்கு பதிவாகி, பிப்ரவரி 21-ந்தேதி இரவு ஜெயக்குமார் கைது செய்யப்பட்டார். இது பழிவாங்கல் என்றது அ.தி.மு.க. சட்டம் தன் கடமையைச் செய்கிறது என்றது தி.மு.க. மார்ச் மாதம் ஜாமீனில் வெளியே வந்தார்.

பாக்கி இருக்கும் கணக்கு

25 வருஷத்தைக் கூட்டிக் கழித்தால் என்ன மிச்சம்? நிவாரணத் தொகை கூடியது. வலைக்கு வரி குறைந்தது. காசிமேட்டுக்கு மாற்று துறைமுகம் வந்தது. மெட்ரோ வந்தது. இதில் ஒருவர் பங்கு எவ்வளவு, ஆட்சியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

பாக்கியும் நிறைய. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவு சாலையில் வரிசை கட்டி நிற்பது நீண்டகால பிரச்சினை. அதற்குத் தீர்வாக 2009-ல் அடிக்கல் நாட்டிய மதுரவாயல்-துறைமுகம் பறக்கும் சாலை 2012-ல் நின்றுபோனது. ராட்சத தூண்கள் மட்டும் கூவத்தில் நின்றன. புதுத் திட்டமாக மாற்றி 2022 மே மாதம் மறுபடியும் அடிக்கல் நாட்டினார்கள். ஒரே ரோட்டுக்கு 2 அடிக்கல். எண்ணூரிலோ 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய் கலந்து வந்தது. மறுபடியும் மீனவர் வலையில் கறை, மறுபடியும் நிவாரணம்.

நிவாரணம் என்பது அடி விழுந்த பிறகு போடும் மருந்து. அடியே விழாமல் தடுக்க யார் கோட்டையில் குரல் கொடுப்பார் என்பதுதான் காசிமேடு முதல் எண்ணூர் வரை குப்பத்து ஜனங்கள் கேட்கும் கேள்வி. ராயபுரம் யாரையும் சும்மா தூக்கி வைத்ததும் இல்லை, சும்மா இறக்கி விட்டதும் இல்லை. 5 தடவை ஜெயிக்க வைத்த அதே விரல்தான் 2 தடவை தோற்கவும் வைத்தது என்பது குறிப்பிடத்தக்கது.

ஒரே பார்வையில் ஜெயக்குமார்

1991: ராயபுரத்தில் முதல் வெற்றி.

1996: தி.மு.க.வின் மதிவாணனிடம் தோல்வி.

2001: மறுபடியும் வெற்றி, மந்திரி.

2006: கட்சி ஆட்சியை இழந்தும் தொகுதியில் வெற்றி.

2011: 4-வது வெற்றி, சபாநாயகர்.

2012: சபாநாயகர் பதவி ராஜினாமா.

2016: 5-வது வெற்றி, மீன்வளத்துறை மந்திரி.

2017: நிதித்துறை கூடுதல் பொறுப்பு, பட்ஜெட் தாக்கல்.

2021: தி.மு.க.வின் ஐட்ரீம் மூர்த்தியிடம் தோல்வி.

2022: உள்ளாட்சி தேர்தல் நாள் சம்பவத்தில் கைது, ஜாமீனில் விடுதலை.